மெஷின் கேட்ட ஷோ

— அதுக்குப் பயம்னு ஒண்ணு கெடையாதுங்ணா. மொதல்ல அத மனசுல வெச்சுக்கோணும். மனுசன்னா, சீட்டாட்டத்துல நாம பந்தயச் சில்லு அத்தனையும் நடுவுல தள்ளுனா அவனுக்கு வவுறு கலங்கும். மெஷினுக்கு ஏதுங் வவுறு?

— அப்ப கையில ஒண்ணுமில்லாம பந்தயத்த ஏத்தப்படாதுங்குத.

— ஏத்தவே கூடாதுன்னு இல்லீங். பொய்யாட்டத்த எப்ப ஆடறதுன்னு ஒரு கணக்கு இருக்குது பாருங்கோ.

— மெல்லச் சொல்லு ரெத்தினம். நான் ஒன்ன மாதிரி கொச்சி ஹெட் ஆபீசுல இருக்கவன் இல்ல. ஆனைக்கல்லு எஸ்டேட்டு ஆபீசுல சம்பளப் பட்டிக எழுதிக்கிட்டுக் கெடக்கவன், கேட்டியா. கிறிஸ்மஸுக்குத் திரும்ப ஆட்டம். இந்தத் தடவையும் அந்த மெஷினுகிட்ட தோத்தா, எங்க ஆபீசுல நாற்காலிதான் மிஞ்சும், கிளார்க்கு மிஞ்ச மாட்டான். அதுக்குத்தான் உடும்பஞ்சோலையிலருந்து பஸ்ஸுக்குப் பஸ்ஸு மாறி நீ லீவுல வந்திருக்கன்னு கேட்டு ஒன் ஊரு எலப்புள்ளிக்கு வந்து உக்காந்திருக்கேன். மெஷின் இருக்க எடத்துல வேல பாக்கவன் நீ. நீ சொல்லாட்டா யாரு சொல்லுவா?

— திரும்ப ஆட்டமா? மானேஜரு ஒத்துக்கிட்டாருங்களா?

— ஒத்துக்கிட்டாருன்னு வச்சுக்கயேன். நீ சொல்லு.

— சொல்றனுங். மெஷினு மொகத்தப் பாக்காது. நீங்க ஏத்துனத, சீட்டக் கவுத்துப் போட்டு ஒதுங்குனத மட்டுந்தான் பாக்கும். அதனால மொத மணிக்கூறுல சின்னச் சின்னதாப் பொய்யாடி, வேணும்னே மாட்டிக்குங்க. இந்தாளு பொய்யன்னு அது முடிவு கட்டிக்கும். அப்பறம் நெசமாலுமே நல்ல கை வர்றப்ப ஏத்துங்க. நம்பாது. சீட்டத் திருப்பிக் காட்டுன்னு ஷோ கேக்கும். அப்பப் புடிச்சுக்கலாம்.

— மொதல்ல பொய்யனாத் தோத்து, பொறவு நெசத்தச் சொல்லி ஜெயிக்கணும்.

— அதேதானுங். அப்பறம், இது பந்தயம். சில்லு தீந்தா ஆளு வெளிய. சும்மா கையரிப்புக்கு ஒரு சில்லுகூடப் போடக் கூடாது. மத்தவனெல்லாம் ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டுப் போகட்டும், நாம ஓரமா உக்காந்திருக்கோணும். மெஷினுக்குச் சலிப்பு வராது. நமக்கு வரும். அங்கதான் மனுசன் தோத்துப் போறான்.

— நல்லாத்தாம்ல சொல்லுத. உள்ள உக்காந்து பாத்தவன் மாதிரிச் சொல்லுத.

— எல்லாம் காதுல விழுகறதுதானுங்ணா.

— அட, சுவக்கீன் அண்ணனா! எப்ப வந்தீங்? வயல்ல நாத்து நடவுக்கு ஆளு வந்திருக்குது, அவங்களுக்குக் கஞ்சி ஊத்தப் போயிட்டேன். ஏனுங்க, ஒரு கொரலு குடுக்கக் கூடாது? அண்ணன வெறும் வாயோட உக்கார வெச்சிருக்கறீங்.

— இருக்கட்டும் செல்லாத்தா. இப்பத்தான் வந்தேன்.

— இந்தாங், மோரு குடிங். கத்தரீனாக்கா சொகந்தானுங்ணா? கூட்டியாந்திருக்கலாமில்ல.

— அவ எங்கயும் வாரதில்ல தாயி. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறதக்கூட நிறுத்திட்டா.

— அக்காவா? கோயிலுக்குப் போகாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்களே!

— போனா, பின் பெஞ்சுலருந்து ‘யூதாசு பொண்டாட்டி’ங்குதாவ. ரெண்டு வாரம் காதுல வாங்காத மாதிரி முட்டுப் போட்டு நின்னா. மூணாவது வாரம் முக்காட்ட மடிச்சுப் பொட்டியில வச்சுட்டா.

— அட ஆத்தா! யாரு அப்படிப் பேசறது? எதுக்கு?

— செல்லாத்தா, நீ போயி நடவப் பாரு. அண்ணனும் நானும் ஆபீசு சமாச்சாரம் பேசிட்டிருக்கறோம்.

— இருங்க, கேட்டுட்டுப் போறேன். நீங்க சொல்லுங்ணா.

— ஒனக்கு இவன் ஒண்ணும் சொல்லலியா தாயி? கொச்சியில எங்க கம்பெனி ஒரு மெஷினு வாங்கியிருக்கு. கம்ப்யூட்டருன்னு பேரு. பதினோரு எஸ்டேட்டுக்கும் சம்பளக் கணக்க அதுவே போட்டுருமாம். கிளார்க்கு வேண்டாமாம். நாங்க யூணியன் கூடி, மாட்டோம்னு நின்னோம். அப்பத்தான் புது மானேஜரு ஒரு வார்த்த சொன்னாரு. ‘ஓணத்துக்கு உங்க கிளப்புல போக்கர் சீட்டுப் பந்தயம் வருதுல்ல, அதுல மெஷினும் ஆடட்டும். உங்க சுவக்கீன் அத ஜெயிச்சுட்டா மெஷினு இந்த மலை ஏறாது. தோத்தா, மறுபேச்சில்லாம எல்லாரும் மெஷினுக்குச் சம்மதம்னு ஒப்புப் போடணும்’னாரு.

— நீங்க செரின்னுட்டீங்.

— நான் சொல்லல. பயலுவ சொல்லிட்டானுவ. இருவது வருசமா அந்த மேசையில என்ன ஒருத்தன் ஜெயிச்சதில்ல பாரு, அந்தத் தைரியம். ‘அண்ணாச்சி இருக்காவ, இரும்பா வந்து ஆடுனா என்ன’ன்னானுவ.

— கொச்சியில இருக்கறது மலை மேல எப்படிங்ணா சீட்டாடும்?

— போன் வழியா. மேசையில மெஷினுக்கு விழுத அஞ்சு சீட்ட நம்ம இன்னாசிராஜ் எடுத்துக்கிட்டு ஆபீசு ரூமுக்குள்ள போவான். யாரும் ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு கதவ அடைச்சுக்கிட்டு, போனுல சொல்லுவான். அந்தப் பக்கம் ஒரு பொம்பளக் கொரலு, மலையாளத்துல பதிலு சொல்லும். ரெண்டு சீட்டு மாத்து, இத்தன சில்லு ஏத்து, கவுத்துப் போடுன்னு. அவன் வந்து அது போல செய்வான்.

— இன்னாசிராஜா? கொச்சிக்கு மாத்தலாகறதுக்கு முந்தி நாங்க அங்க இருந்தப்ப புதுசா ஜோலிக்கு வந்தாரே, அவருங்களா?

— அவன்தான். இப்ப யூணியன் செக்ரட்டரி. நேர்மையானவன். அதான் அவன் கையில குடுத்தோம்.

— அப்பறம்?

— காலையில ஆரம்பிச்சது. மத்தியானத்துக்குள்ள ஒவ்வொருத்தனாச் சில்லு தீந்து எந்திரிச்சுட்டான். கடசியில நானும் மெஷினும். ரெண்டு பேருட்டயும் சில்லு ஏறக்குறைய சரிக்குச் சரி. வெளிய மழை கொட்டுது, கிளப்பு சன்னல் பூராத் தல. அப்ப ஒரு ஆட்டத்துல மெஷினு ஏத்திக்கிட்டே வந்துச்சு. நானும் விடல. நடுவுல அதோட சில்லுல முக்காவாசி குவிஞ்சு கெடக்கு. அது கவுத்துப் போட்டா மிச்சம் பிடிச் சில்லுதான், அதோட கத முடிஞ்சுது. நான் எங்கிட்ட இருந்த அத்தனையும் உள்ள தள்ளிட்டேன்.

— அது கவுத்துப் போட்டுருச்சுங்களா?

— ஷோ கேட்டுச்சு.

— உங்க கையில?

— ஒண்ணுமில்ல தாயி. ஒரு ஜோடிகூட இல்ல. ஒரு ஏஸு, அதுக்குக் கூட நாலு வெட்டிச் சீட்டு.

— அட சாமி.

— பொறவு கேட்டானுவ பாரு. ‘மெஷினுக்குப் பயமில்லன்னு ஆட்டத்துக்கு முந்தி நீருதான சொன்னீரு, அதுகிட்டப் போயி ஒண்ணுமில்லாத கைக்கு எவனாவது எல்லாத்தையும் வப்பானா’ன்னு. சின்னப் புள்ளகூட வைக்காதுங்கானுவ. வாஸ்தவம்தான். அப்ப சுவக்கீன் ஏன் வச்சான்? மானேஜருகிட்ட வெல போயிட்டான். அவனுக்கு மட்டும் வேல நிக்கும். இப்படியே வளந்து போச்சு. யூதாசுன்னு மொதல்ல வாயத் தொறந்தது யாருங்குத? இன்னாசிராஜ்.

— அவரா! உங்க கையப் புடிச்சு ஜோலி பழகுனவரு.

— என் மூஞ்சிக்கு நேராச் சொன்னான். கத்தரீனா அவனுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தா. தட்ட வச்சுட்டு எந்திரிச்சுப் போனான்.

— விடுங்ணா. கோவத்துல ஒரு வார்த்த வந்திருக்கும். இன்னாசிராஜு மனசு அப்படியில்லீங். அன்னைக்குக் கடசீல, மெஷினு ஜெயிச்சுருச்சுன்னு சொல்றப்ப அவன் அழுதே போட்டானுங்களே. தேம்பித் தேம்பி அழுதான். உங்க மேல அத்தன பாசம் அவனுக்கு.

— எங்க அழுதான் ரெத்தினம்?

— ஏனுங்ணா? கடசீலதான்.

— எந்த எடத்துலன்னு கேக்குதேன்.

— அங்கதானுங். போனுல சொல்றப்ப.

— கதவு அடைச்ச ரூமுல்லா அது, ஜெயிச்ச சேதியச் சொல்லத்தான் அவன் திரும்ப உள்ள போனான். வெளிய வரும்போது மூஞ்சியக் கழுவிட்டு வந்தான். கிளப்புல இருந்த ஒருத்தனுக்கும் தெரியாது. அவன் அழுதான்னு எனக்கே இப்பத்தான் தெரியுது, நீ சொல்லி.

— அது... அந்த ஆப்பரேட்டர் புள்ள ஆபீசுல சொல்லுச்சுங்.

— ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஓணத்துக்கு ஊட்டுக்கு வர்றேன்னு எழுதிப் போட்டுட்டு, ஆபீசுல ஜோலின்னு வராமப் போனீங்களே. என்ன ஜோலி அது?

— செல்லாத்தா, நீ உள்ள போ.

— போகறதில்ல. சொல்லுங்.

— தாயி, அவன விடு. ரெத்தினம், இருவது வருசம் எதுத்தாப்புல உக்காந்து ஆடியிருக்கோம். இப்ப ஏம்ல தரையப் பாக்குத?

— அண்ணா...

— சொல்லு.

— அந்த மெஷினுக்குச் சீட்டாடத் தெரியாதுங்ணா.

— ம்.

— கூட்டும், கழிக்கும், அட்டை அட்டையாத் துப்பும். அதுலயும் பாதி தப்பு, நாங்க உக்காந்து திருத்தறோம். ஏஸும் ராஜாவும் அதுக்கு என்ன தெரியும்? ஏசி ரூமுல சும்மா உறுமிட்டுக் கெடக்குது.

— அப்ப அன்னைக்கு ஆடுனது யாருங்க?

— பக்கத்து ரூமுல ரெண்டாவது போன் ஒண்ணு இருக்குது. இன்னாசிராஜு சொல்றது அதுலயும் கேக்கும். நான் காகிதத்துல எழுதி நீட்டுனா அந்தப் புள்ள படிக்கும்.

— நீங்களா?

— நாந்தான்.

— மகராசா! உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? மலையில இருந்தப்ப என்ற புள்ளைக்கு ஜன்னி கண்டு கண்ணு சொருகிப் போச்சே, யாரு மடியில போட்டுட்டு ஆசுபத்திரிக்கு ஜீப்புல உக்காந்து போனது? நீங்களா? கத்தரீனாக்கா! அந்தப் பொம்பளைய இன்னிக்குக் கோயிலுக்குப் போக முடியாமப் பண்ணிப் போட்டு, இங்க உக்காந்து அண்ணனுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கறீங்!

— என்னய என்ன பண்ணச் சொல்ற? பெரிய ஆபீசரு கூப்பிட்டு உக்கார வெச்சாரு. ‘மெஷின் எப்படியும் மலைக்குப் போகும் ரத்தினசாமி. வேலையிலருந்து எடுக்கற பேருல மொதப் பேரு உன்னுது. ஆடுனீன்னா மெஷினுக்கு உன்னய இன்சார்ஜாப் போடறோம். சுவக்கீனோட ஆட்டம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்’னாரு. எப்படியும் வரப்போறதுதான, நான் ஆடுனா என்ன ஆடாட்டி என்னன்னு நெனச்சுட்டேன்.

— இத நீ எங்கிட்ட ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம்ல.

— சொல்லியிருக்கலாமுங்.

— ஏன் சொல்லல? வேலைக்குப் பயந்தா?

— அது மட்டுமில்லீங்ணா.

— பொறவு?

— சொன்னா நீங்க என்னய மனுசனா மதிக்க மாட்டீங்.

— இப்ப மட்டும் மதிக்கப் போறேனா? சொல்லு.

— இருவது வருசத்துல உங்கள நான் ஒருக்காகூட ஜெயிச்சதில்லீங். சனிக்கெழம சனிக்கெழம தோத்துட்டு குவாட்டர்ஸுக்குத் திரும்பி நடப்பேன். நீங்க அத்தனையும் உள்ள தள்ளிட்டு என்ற மூஞ்சியப் பாப்பீங். அவ்வளவுதான், நல்ல சீட்டக்கூடக் கவுத்துப் போட்டுருவேன். அப்பறம் உங்க சீட்டத் திருப்பிக் காட்டுவீங். ஒண்ணுமே இருக்காது. மேசையே சிரிக்கும். நானுஞ் சிரிப்பேன். ஊட்டுக்கு வந்தா சோறு எறங்காது. இவளுக்குத் தெரியும்.

— எனக்கென்ன தெரியும்? வவுத்து வலின்னீங்.

— அன்னைக்கு உங்க மொகம் இல்லீங்ணா. போனுல நெம்பரு மட்டுந்தான். அத்தனையும் உள்ள வெச்சுட்டாருன்னு இன்னாசிராஜு சொன்னான். முந்தியெல்லாம் எங்கிட்ட வெப்பாரே, அதே பொய்யாட்டம்னு தெரிஞ்சுது. ஷோன்னு எழுதி நீட்டுனேன். தப்புத்தானுங், துரோகந்தானுங். காலுல விழுகறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிசம், என்ற ஆயுசுல அன்னைக்குத்தான் நான் உங்க முன்னால நிமுந்து உக்காந்தேன்.

— ஒங் கையில என்ன இருந்துச்சு?

— ஒம்போது. ஒரே ஜோடி.

— ஒரு ஒம்போது ஜோடிய வச்சுக்கிட்டு இத்தன குடும்பத்துக்கு ஷோ கேட்டிருக்க.

— கிறிஸ்மஸ் ஆட்டத்துல நான் தோத்துக் குடுத்தர்றனுங்ணா. சத்தியமா. யாருக்கும் தெரியாம, ரெண்டு கை தப்பா ஆடுனாப் போதும். எல்லாம் பழையபடி ஆயிரும்.

— கிறிஸ்மஸுக்கு ஆட்டம் கெடையாது.

— இப்பத்தான சொன்னீங்!

— சும்மா சொன்னேன். ஓணம் முடிஞ்ச மறு வாரமே எல்லாரும் ஒப்புப் போட்டாச்சு. தீபாவளிக்குள்ள குவாட்டர்ஸ காலி பண்ணணும். இன்னாசிராஜ் பொண்டாட்டி பிள்ளையளக் கம்பம் ஊருக்கு பஸ் ஏத்தி அனுப்பிட்டான். ஆட்டம் உண்டுன்னு சொன்னா, நீயாவது வாயத் தொறந்து உண்மையச் சொல்லுவியான்னு பாத்தேன். நீ எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்த.

— ஏனுங்க, எந்திரிங்க. சட்டையப் போடுங்க. மத்தியான பஸ்ஸுக்கே அண்ணனோட கெளம்பிப் போயி, அந்தக் கிளப்புல எல்லாரு முன்னாலயும் நின்னு சொல்லுங்க. மெஷினு இல்ல, நாந்தான் ஆடுனேன்னு சொல்லுங்க. போட்ட ஒப்பு அப்பச் செல்லாதில்ல?

— சொன்னா என்ற ஜோலி போயிரும் செல்லாத்தா.

— போகட்டும். நாலு ஏக்கரு வயலு கெடக்குது. சேத்துல எறங்குங்க.

— அத்தன பேரு முன்னால எப்படி நிக்கறது? அவங்க என்னய உசுரோட விடுவாங்களா?

— அண்ணன் நின்னாரில்ல? செய்யாத தப்புக்கு நின்னாரில்ல?

— வேண்டாம் தாயி. அவன இழுத்துக்கிட்டுப் போக நான் வரல. நானா சொல்லவும் மாட்டேன். அவன் தானா வரட்டும்னுதான் ஓணத்துலருந்து பஸ் ஸ்டாண்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு மணி பஸ்ஸு வந்து திரும்புத வர ஆபீசு வாசல்ல நிப்பேன். பாக்கவன் எல்லாம், மானேஜரு கூப்பிடுதாரான்னு நிக்கேன்னு சொன்னான்.

— ஓணத்துலருந்தா? அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா? யாரு சொன்னது?

— யாரும் சொல்லல. நீதான் சொன்ன ரெத்தினம்.

— நானா?

— சாயங்காலம் ஒரு ஆட்டத்துல மெஷினு ஒரு சீட்டுகூட மாத்தாம நின்னுச்சு. எதுத்தாப்புல இருக்கவன் பயந்து போவான்லா, பெரிய கை விழுந்துருச்சுன்னு. காட்டுனப்ப பாத்தா ரெண்டு ஜோடி. கணக்குப் பாக்குத மெஷினு எதாச்சும் ரெண்டு ஜோடிய வச்சுக்கிட்டு மாத்தாம நிக்குமா? அஞ்சாவது சீட்ட வீசிட்டு நல்லது வருதான்னு பாக்கும். மாத்தாம நின்னு பயங்காட்டுதவன் எங்க மலையிலயே ஒருத்தன்தான். அவனப் பாத்து எத்தன சனிக்கெழம நான் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கேன்.

— ஆட்டமெல்லாம் முடிஞ்சு ஊட்டுக்குப் போயி யோசிச்சப்பத் தெரிஞ்சுதுங்களா?

— இல்ல. அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு. கடசி ஆட்டத்துக்கு ரெண்டு ஆட்டம் முந்தி.

— முந்தியேவா? தெரிஞ்சும் ஏனுங்ணா அங்கயே எந்திரிச்சுச் சொல்லல? நான்னு தெரிஞ்சும், ஒண்ணுமில்லாத கைய வெச்சுக்கிட்டு எதுக்கு அத்தனையும் உள்ள தள்ளுனீங்?

— நீ எங்களுக்காவத்தான் உள்ள போயி உக்காந்திருக்கேன்னு நெனச்சேம்ல. அந்த ஆபீசருமாரு கண்ணு முன்னால கவுத்துப் போட்டுத் தோத்துக் குடுக்க ஒனக்கு ஒரு சாக்கு வேணுமேன்னுதான் தள்ளுனேன்.